நிழல் எங்கே விழுகிறதோ அங்கே தோண்டு

புதையல் படங்களில் தங்கம் கிடைக்கிற காட்சி எனக்கு அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை. குகைக்குள் மஞ்சளாக ஏதோ மின்னும், ஆட்கள் இரண்டு கையாலும் அள்ளுவார்கள், எல்லாப் படத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். மனசில் ஒட்டிக்கொள்வது அதற்கு முந்தின காட்சி, துப்பு விளங்குகிற அந்த ஒரு நிமிடம். ஏன் அப்படி என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், அதை எழுதிப் பார்க்கிறேன்.

கடலூரில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது டெக்கு வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடிய மூன்று படம் பார்ப்பது வழக்கம். அப்படி ஒரு ராத்திரி என் மாமா ‘மெக்கன்னாஸ் கோல்டு’ கேசட்டையும் சேர்த்து எடுத்துவந்தார். அவர் அதைத் தியேட்டரில் பல தடவை பார்த்தவர், இங்கிலீஷ் வசனம் ஒன்றும் பிடிபடாவிட்டாலும் அடுத்து என்ன வரும் என்று வரிசையாகச் சொல்லுவார். "இரு இரு, இப்ப நிழல் வரும் பாரு" என்று எழுந்தே நின்றுவிட்டார். பாலைவனத்தில் ஒற்றைக் கல்தூண், அதன் பின்னால் சூரியன் எழும்புகிறது, தூணின் நிழல் தரைமேல் விரல் மாதிரி நீண்டுபோய் எதிரே மலைச்சுவரில் ஓர் இடத்தைத் தொடுகிறது. தங்கப் பள்ளத்தாக்குக்குப் போகும் வழி அங்கேதான்.

மறுநாள் விடியற்காலையில் நானும் மாமா பையனும் ஒரு சவுக்குக் கழியைத் தூக்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். கழியை மணலில் நட்டுவிட்டு உட்கார்ந்தோம். சூரியன் கடலை விட்டு மேலே வந்ததும் நிழல் எங்களைத் தாண்டி, கட்டுமரங்களைத் தாண்டி, ரொம்ப தூரம் மங்கலாக ஓடியது. அப்புறம் பார்த்தால் சுருங்க ஆரம்பித்துவிட்டது. நீளும் என்று காத்திருந்த எங்களுக்கு ஒரே ஏமாற்றம். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்த மாசத்து நிழல்டா அது?" சூரியன் வருசம் பூரா ஒரே இடத்தில் உதிக்கிறதில்லை, ஆனியில் வடக்கே தள்ளி உதிக்கும், மார்கழியில் தெற்கே தள்ளி உதிக்கும், கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள் என்றார்.

அவர் சொன்னது சரிதான். நம் கடற்கரையில் நேர்கிழக்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 24 பாகை, தெற்கே 24 பாகை என்று உதிக்கிற இடம் நகர்கிறது. ஒரு தூணுக்கு நேர்மேற்கே 1 கிலோமீட்டர் தள்ளி ஒரு மலைச்சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனிக்கும் மார்கழிக்கும் நடுவில் அந்தச் சுவரில் நிழல் விழுகிற இடம் கிட்டத்தட்ட 900 மீட்டர் மாறிவிடும். அதாவது நாள் சொல்லாத நிழல் துப்பே இல்லை. இது விளங்கினபோது எனக்குப் படம் கெட்டுப்போகவில்லை, இன்னும் பிடித்துப்போனது, ஏனென்றால் ஒரு துப்பு வேலைசெய்ய இடம், நேரம், அளவு மூன்றும் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் படம் 1969இல் வந்தது, ஜே. லீ தாம்சன் இயக்கம், கிரிகரி பெக்கும் ஒமர் ஷெரீஃபும் நடித்தது. அமெரிக்காவில் பெரிதாக ஓடவில்லை, இந்தியாவில் ஓட்டமான ஓட்டம் ஓடியது. கதை வில் ஹென்றி எழுதிய நாவல், அதற்கு அடியில் இருப்பது அமெரிக்கத் தென்மேற்கில் இன்றும் பேசப்படுகிற ‘ஆடம்ஸின் தொலைந்த சுரங்கம்’ என்ற வாய்வழிக் கதை. படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சாகக் கிடக்கும் ஒரு கிழவரிடம் வரைபடம் இருக்கிறது, மெக்கன்னா அதைப் பார்த்துவிட்டு எரித்துவிடுகிறான். அதற்குப் பிறகு வரைபடம் அவன் தலைக்குள் மட்டும்தான், அதனால்தான் கொள்ளைக்காரர்கள் அவனைக் கொல்ல முடியாமல் கூடவே இழுத்துக்கொண்டு போகிறார்கள். துப்பு யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு உயிர் இருக்கிறது. மொத்தப் படமும் இந்த ஒரு ஏற்பாட்டில் ஓடுகிறது.

துப்பைப் பாதியாக உடைத்து இரண்டு பேரிடம் கொடுத்தால் இதே ஏற்பாடு இன்னும் இறுகும். 1966இல் செர்ஜியோ லியோனே எடுத்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ அப்படித்தான். 2 லட்சம் டாலர் ஒரு கல்லறையில் புதைந்திருக்கிறது, ஒருத்தனுக்கு இடுகாட்டின் பெயர் தெரியும், இன்னொருத்தனுக்குக் கல்லறையின் பெயர் தெரியும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொல்ல நினைத்தாலும் கொல்ல முடியாது. கடைசியில் அந்த இடுகாட்டுக்குள் இரண்டு பேரில் ஒருத்தனான டூக்கோ நுழைந்து சுற்றிச்சுற்றி ஓடுகிறானே, மாரிக்கோனேயின் இசை ஏறிக்கொண்டே போகும், கேமரா சுழல ஆரம்பித்துப் பெயர்ப்பலகைகள் கோடுகளாகிவிடும், அதில் தங்கமே கிடையாது, ஒரு மனுசன் பெயர் படித்துக்கொண்டு ஓடுகிறான், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து புதையல் தேடலை இதைவிட நன்றாக யாரும் காட்டவில்லை. ஸ்பெயினில் புர்கோஸ் பக்கம் 5,000 கல்லறைகளுக்கு மேல் மண்மேடாகப் போட்டு அந்த இடுகாட்டை உருவாக்கினார்கள், பிற்பாடு புல் மூடிப்போனதை ரசிகர்களே 2015 முதல் மண்வெட்டி எடுத்துப்போய்த் தோண்டி வெளியே கொண்டுவந்தார்கள். புதையல் படத்தின் செட்டே புதையலாகிவிட்டது.

இந்தியானா ஜோன்ஸ் கதாநாயகனாக வரும் ஸ்பீல்பெர்க்கின் ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ 1981இல் வந்தது. பாறை உருண்டு வருவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் வரைபட அறையைச் சொல்லுவேன். தரையில் ஒரு நகரத்தின் சின்ன மாதிரி, ஒரு தடியின் தலையில் பதக்கம், பதக்கத்தில் கல். காலை வெயில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அந்தக் கல் வழியாக இறங்கி நகர மாதிரியில் ஒரே ஒரு கட்டடத்தின்மேல் விழும், அங்கே தோண்ட வேண்டும். எதிரிகளிடமும் பதக்கத்தின் எழுத்து இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத்து எழுத்து மட்டும், அதுவும் சுட்ட பதக்கத்தைத் தொட்டவனின் உள்ளங்கையில் பதிந்த தழும்பிலிருந்து எடுத்தது. தடியின் உயரத்தில் ஓர் அளவைக் குறைக்க வேண்டும் என்ற வரி மறுபக்கத்தில் இருக்கிறது. அதனால் அவர்கள் நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துத் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இடம், நேரம், அளவு. மாமா கேட்ட கேள்விக்கு இந்தப் படம் பதில் வைத்திருந்தது.

கிழிந்த வரைபடம், அதில் ஒரு பெருக்கல் குறி என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது பெரும்பாலும் ஸ்டீவன்சனிடம் போய் நிற்கும். 1881இல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஸ்காட்லாந்து வீட்டில் வளர்ப்பு மகனோடு உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடத்தைப் போட்டார், அந்தப் படத்திலிருந்து ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவல் முளைத்தது, புத்தகமாக வந்தது 1883இல். நிஜக் கடற்கொள்ளையர்கள் கொள்ளையைப் பங்குபோட்டுச் செலவழித்தார்களே தவிரப் புதைத்துவைத்தது அபூர்வம். கேப்டன் கிட் என்பவர் 1699இல் நியூயார்க் பக்கத்துத் தீவு ஒன்றில் கொஞ்சம் புதைத்தார், அதுவும் சீக்கிரமே தோண்டி எடுக்கப்பட்டு அவருக்கு எதிரான வழக்கில் சாட்சியாகப் போனது, 1701இல் தூக்கில் போட்டார்கள். அந்த ஒரு சங்கதிதான் இத்தனை கதைக்கும் வித்து.

நம் பக்கத்துப் புதையல் கதைகளில் வரைபடம் கிடையாது. எங்கள் ஊரில் புனித டேவிட் கோட்டை இடிபாட்டைச் சுற்றி விளையாடின பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு சுரங்கப்பாதைக் கதை தெரியும், அது எங்கே போய் முடிகிறது என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது. 1690இல் ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது பீரங்கியைச் சுட்டுக் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை எல்லை என்று வைத்துக்கொண்டார்கள், அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இடித்தார்கள். இப்படி ஒரு வரலாறு இருந்தால் பிள்ளைகள் புதையல் தேடாமல் எப்படி இருக்கும்? ஆனால் நாங்கள் கேட்ட கதைகளில் துப்பு என்று ஒன்று வந்ததே இல்லை, காவல்தான் வரும். பூதம் காக்கும், நாகம் காக்கும், வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் தெரியும், தலைப்பிள்ளையைப் பலி கேட்கும். வெள்ளைக்காரன் கதையில் புதையல் எங்கே என்பது கேள்வி, நம் கதையில் எங்கே என்று ஊருக்கே தெரியும், எடுக்க உனக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளைத் திறந்தபோது ஓர் அறையை மட்டும் திறக்காமல் விட்டார்கள், அந்த ஓர் அறையைப் பற்றித்தான் நாடே பேசியது, திறந்த அறைகளில் என்ன இருந்தது என்பதை விட.

இந்த இரண்டு மரபும் சந்திக்கிற படங்கள்தான் எனக்குப் பிடித்த படங்கள். 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் துப்பு ஒரு சொல். "அண்டா கா கசம்" என்று ஆரம்பித்துத் "திறந்திடு சீசே" என்று முடியும், தெருவில் கோலி விளையாடுகிற பிள்ளைகள்வரை அது பரவியது. அண்ணன்காரன் காசிம் குகைக்குள் போகிறான், கை நிறைய, மடி நிறைய அள்ளுகிறான், திரும்பும்போது சொல் மறந்துவிடுகிறது. தங்கம் முழுக்க இருக்கிறது, துப்பு போய்விட்டது, ஆள் முடிந்தான். ‘மரகத நாணயம்’ 2017இல் வந்தபோது தொட்டவனைக் கொல்லும் கல் என்ற பழைய பாட்டி கதையை வைத்துக்கொண்டு, அதை எடுக்கப் பேய்களையே கூட்டு சேர்த்தார்கள். நன்றாகச் செய்த படம், அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் நம் ஆட்கள்.

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010 பொங்கலுக்கு வந்தது. வந்த நாளில் இடைவேளைக்கு முன்னால் கைதட்டினவர்கள், பின்னால் குழம்பிப்போய் வெளியே வந்தார்கள், நானும் குழம்பினேன். சோழர் வீழ்ச்சிக்குப் பிறகு, 1279இல், ஒரு இளவரசனையும் மக்களையும் ரகசியமாக எங்கோ அனுப்பிவிட்டு வழியெங்கும் ஆபத்துகளைக் காவல் வைக்கிறார்கள். கடல், காட்டுமனிதர், பாம்பு, பசி, புதைமணல் என்று போகும். அந்தப் புதைமணல் காட்சியைப் பாருங்கள். சூரியன் ஒரு கோணத்துக்கு வரும்போது பாறைகளின் நிழல் மணலில் நடராசராக விழுகிறது, அந்த நிழல்மேல் கால்வைத்து ஓடினால் பிழைக்கலாம், நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். மெக்கன்னாவின் தூண் நிழலும் இந்தியானா ஜோன்ஸின் வெயிலும் இங்கே வந்து நம் சாமியாகிவிட்டன. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு அந்தக் காட்சி சும்மா விடாது, சிதம்பரம் எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் பயணம். அங்கே நிஜமாகவே நடராசர் ஒளிந்து வாழ்ந்தவர். படையெடுப்புக்குப் பயந்து 1648இல் அவரைக் கோயிலை விட்டு எடுத்துப்போய் வெளியூர்களில் மறைத்து வைத்திருந்து, 1686இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு படம் செய்வதைத்தான் அன்றைக்கு எங்களால் தாங்க முடியவில்லை. தேடிப்போனவர்கள் கடைசியில் கண்டுபிடிப்பது ஒரு ஜனக்கூட்டம். பசியில் ஒட்டிப்போய், கறுத்து, ஊருக்குத் திரும்ப அழைத்துப்போகத் தூதன் வருவான் என்று எழுநூறு வருசமாகக் காத்திருக்கும் மனிதர்கள். அவர்களிடம் தேடிவந்தவர்கள் துப்பாக்கியோடு வருகிறார்கள். புதையல் பேசும், புதையலுக்குப் பசிக்கும், புதையலைக் கொல்ல முடியும் என்று காட்டின வேறு படம் எனக்குத் தெரியாது. உலகத்தின் எந்தப் புதையல் படத்தோடும் அதை வைத்துப் பேசலாம் என்று தயக்கமில்லாமல் சொல்லுவேன்.

இந்தியில் வந்த ‘தும்பாட்’ (2018) இன்னொரு கோடியில் நிற்கிறது. மழை விடாமல் கொட்டும் ஊர், பூமித்தாயின் கருவறைக்குள் இருக்கும் ஹஸ்தர் என்ற சபிக்கப்பட்ட சாமி, அவன் இடுப்புத் துணியில் தங்கக் காசுகள். மாவுப்பொம்மையை அவனிடம் போட்டுவிட்டு, அவன் தின்று முடிப்பதற்குள் காசைப் பறித்துக்கொண்டு கயிறேற வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு பிடி காசுதான். தங்கம் எடுப்பது அதில் தினக்கூலி வேலை மாதிரி ஆகிவிடுகிறது, மூச்சு வாங்குகிறது, வயசாகிறது. நிறையப் பொம்மைகளை எடுத்துப்போனால் நிறைய அள்ளலாம் என்று அப்பனும் மகனும் கணக்குப் போடுகிறார்கள், பொம்மைக்கு ஒரு ஹஸ்தர் வந்து நிற்கிறான். அந்த இடத்தில் தியேட்டரில் யாரும் மூச்சுவிடவில்லை.

கிடைத்த தங்கத்தை என்ன செய்வது என்பது எல்லாப் புதையல் படத்துக்கும் வருகிற தலைவலி. கதாநாயகன் பணக்காரனாகி வீடு கட்டினான் என்று முடித்தால் சப்பென்று ஆகிவிடும், அதனால் பெரும்பாலும் பூகம்பம் வரும், குகை இடியும். ஜான் ஹூஸ்டன் 1948இல் ‘தி ட்ரெஷர் ஆஃப் தி சியரா மாட்ரே’ படத்தில் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் நியாயமாகப் படுகிறது. மூன்று பேர் மெக்சிகோ மலையில் மாதக்கணக்கில் மண் அலசித் தங்கப்பொடி சேர்க்கிறார்கள். அதைக் கொள்ளையடித்தவர்களுக்கு அது தங்கம் என்றே தெரியவில்லை, தோல் மூட்டையின் எடையைக் கூட்டிக் காட்டப் போட்டுவைத்த மணல் என்று நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள், காற்று வந்து மலைக்கே திருப்பிக் கொண்டுபோகிறது. அதே படத்தின் தொடக்கத்தில் கிழவர் ஒரு கணக்குச் சொல்லுவார்: ஆயிரம் பேர் தேடி ஒருத்தனுக்குக் கிடைக்கிறது, கிடைத்தவன் கையிலிருக்கும் தங்கத்தின் விலையில் கிடைக்காதவர்கள் அத்தனை பேரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்று. அந்தக் கிழவராக நடித்தது இயக்குநரின் அப்பா வால்டர் ஹூஸ்டன், அப்பாவும் மகனும் அதே படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார்கள்.

சரி, நிஜமாகவே தோண்டுகிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது? எனக்கு அது புதுச்சேரி பக்கத்து அரியாங்குப்பத்தில் தெரிந்தது. அங்கே என் அத்தை வீடு, பின்னால் கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு, ஆற்றங்கரையில் பழைய வணிக ஊர் ஒன்று புதைந்து கிடக்கும் அரிக்கமேடு. ஐப்பசி மழை நின்ற மறுநாள் மேட்டில் மண் கழுவிக்கொண்டு போயிருக்கும், அந்தக் காலத்தில் பிள்ளைகள் குனிந்துகொண்டே நடந்து பாசிமணி பொறுக்குவார்களாம். அத்தை ஒன்றை எனக்குக் கொடுத்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, செங்கல் நிறம், நடுவில் ஊசிகூட நுழையாத துளை, உள்ளங்கையில் வைத்தால் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். ஈராயிரம் வருசத்துச் சரக்காக இருக்கலாம். தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் போட்டு வைத்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் காட்டினேன், எனக்கு அது பெரிய புதையல்.

அதன் விஷயம் பிற்பாடுதான் விளங்கியது. 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் ஒரு ரோமானிய ஆம்போரா ஜாடியின் உடைந்த கழுத்தைப் பார்த்தார், புதுச்சேரி பக்கத்தில் கிடைத்தது என்று தெரிந்ததும் கிளம்பி வந்தார், புதுச்சேரி நூலகத்தில் தூசி படிந்த கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னும் சில ஓடுகள். அதில் சிவப்பாகப் பளபளத்தவை இத்தாலியின் அரெட்சோ ஊர்க் குயவர்கள் செய்த அரிட்டைன் பாத்திரத்தின் துண்டுகள். அந்த வகைப் பாத்திரம் எந்தக் காலத்தில் செய்து விற்கப்பட்டது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே கணக்குத் தெரியும். 1945இல் அரிக்கமேட்டில் குழி போட்டு, அடுக்கு அடுக்காகப் பிரித்து, எந்த அடுக்கில் அரிட்டைன் ஓடு, அதே அடுக்கில் நம் ஊர் ரௌலட்டட் தட்டு (சின்னச் சக்கரம் உருட்டிக் கோலம் பதித்தது) எது என்று குறித்துக்கொண்டே போனார்கள். பரணில் பழைய மூட்டை ஒன்றை அவிழ்க்கிறீர்கள், உள்ளே 1998ஆம் வருசக் காலண்டர் ஒன்று, அதை ஒட்டிக் கிடந்த பாவாடை சட்டை எல்லாம் எந்தக் காலத்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும் இல்லையா, அதேதான். அதே ரௌலட்டட் தட்டு வேறு ஊர்களில் கிடைத்தபோது அந்த ஊர்களுக்கும் காலம் சொல்ல முடிந்தது. தென்னிந்தியாவின் பழைய காலத்துக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது ஓர் உடைந்த தட்டினால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடி தோண்டி, வீலர் நினைத்ததைவிட ஊர் இன்னும் பழையது, ரோமானியர் வந்து உண்டாக்கியது இல்லை, அவர்களுக்கு முன்னாலேயே இங்கே ஆட்கள் கடல் வணிகம் செய்துகொண்டிருந்தார்கள் என்று காட்டினார்கள்.

என் தீப்பெட்டி மணிக்கு அந்த அடுக்கு இல்லை. மழை கழுவி, கை பொறுக்கி, மேலே வந்துவிட்டது, எந்தக் காலத்தது என்று இனி அடுக்கை வைத்துச் சொல்ல முடியாது. இப்போது அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, பொறுக்கக் கூடாது, அது சரிதான்.

சட்டமும் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால் பங்கும் போய் வழக்கும் வரும். கடைக்கால் தோண்டும்போது ஐம்பொன் சிலை கிடைத்தது, தாசில்தார் வந்து எடுத்துப்போனார் என்ற செய்தி நம் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. விழுப்புரம் பக்கம் எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது ராஜேந்திர சோழன் காலச் செப்பேடும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. யாரோ பயந்து, சாமியையும் ஊரின் கணக்கையும் சேர்த்துப் புதைத்துவிட்டு, திரும்பி வந்து எடுக்காமலே போய்விட்டார்கள்.

இதையெல்லாம் வைத்து ஒரு படம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை. 1945, வெயில் காலம், ஆற்றங்கரையில் சதுரக் குழி, பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் சுவரில் அடுக்குக்கு ஒரு சீட்டாகக் குத்திக்கொண்டிருக்கிறார்கள், கொத்து பிடித்த ஊர்க்காரர் ஒருவர் குனிந்து கைவிரல் அளவு சிவப்பு ஓடு ஒன்றை எடுத்துத் துடைக்கிறார். பின்பக்கம் திருப்பினால் குயவனின் முத்திரை. "தங்கமாண்ணே?" என்று மேலேயிருந்து ஒரு பையன் கேட்கிறான். அவர் பதில் சொல்லாமல் அதை எடுத்த அதே இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, அளவு நாடா கொண்டுவரச் சொல்கிறார்.